அரங்கேற்றமும் நிரலேற்றமும்

நூல் ஒன்று எழுதி முடிக்கப்பெற்ற அளவிலேயே நூலாகிவிடுவதில்லை என்பது தமிழ் மரபு. கற்றோர் அவையில் அது படிக்கப்பெறுதல் வேண்டும். வினாக்கள் எழுதல் வேண்டும். அவற்றிற்கு விடைகள் பொருந்துதல் வேண்டும். அதன் பின்னரே அந்நூல் உலகிற்கு உரியதாகும். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் ஆராயப்பெற்ற செய்தியை அந்நூலின் சிறப்புப் பாயிரம் அறிவிக்கின்றது. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர்கள் பலரும் உரை கண்டபோது, எவ்வுரையை மெய்யுரை எனக் கொள்வது என்னும் ஐயம் மதுரையில் எழுந்ததாகவும், உருத்திரசன்மன் என்னும் சிறுவன் முன் அவ்வுரைகள் அனைத்தும் படிக்கப்பெற்றதாகவும், நக்கீரனார் உரைக்கே அவன் சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்ததாகவும் அக்களவியல் உரையே கூறுகின்றது. இது வரலாறாயினும் ஆகுக, கதையாயினும் ஆகுக. ஒருவர் எழுதியதைப் பலருக்குப் பொதுவாக்கும் முன் சோதித்துக் கொள்ளுதல் வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

அதே வினாவைக் கணிப்பொறி உலகமும் இன்று நாள்தோறும் எதிர்கொள்கின்றது. ஒரு நிரலர் எழுதிய மாற்றத்தைப் பொது மென்பொருளில் இணைப்பதற்கு முன், மற்றொருவர் அதனைத் தம் கணிப்பொறியில் இறக்கி, ஓட்டி, சோதித்துப் பார்க்கும் முறையைப் பற்றியதே இக்கட்டுரை. கணிப்பொறித் துறையினர்க்கு மட்டும் உரிய செய்தி இதுவெனத் தமிழ் மாணவர்கள் ஒதுங்குதல் வேண்டா. தமிழ் எழுத்தைக் கையாளும் நிரல்களைப் பொறுத்தவரை, அச்சோதனையில் தலையாய இடம் தமிழ் கற்றவர்க்கே உரியது என்பதனைப் பின்னர்க் காண்போம்.

பலர் கூடி எழுதும் நூல்

இன்றைய மென்பொருள் பெரும்பாலும் தனியொருவர் படைப்பன்று. உலகின் பல மூலைகளில் இருப்போர் பலர் கூடி எழுதும் கூட்டு நூல் அது. தொடக்கக் காலத்தில் ஒருவர் தாம் செய்த மாற்றங்களை மட்டும் தனிக்கோப்பாக எழுதி மின்னஞ்சலில் அனுப்புவார். பெறுபவர் அதனைத் தம்மிடமுள்ள மூலத்தில் பொருத்திக்கொள்வார். அவ்வாறு பொருத்துவதற்கென்றே லாரி வால் என்பார் 1985-இல் 'பேட்ச்' என்னும் சிறுநிரலை வெளியிட்டார். பேட்ச் என்பதற்கு ஒட்டு என்பது பொருள். கிழிந்த துணியில் ஒட்டுப்போடுவது போன்ற வேலைதான் அது. ஒட்டு நல்ல துணியா, நைந்த துணியா என்று பார்த்துப் போடும் பொறுப்பு தைப்பவரைச் சேர்ந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்சு, 2005-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் 'கிட்' என்னும் கருவியை உருவாக்கினார். ஒரு மென்பொருளின் எல்லா நிலைகளையும், யார் எப்போது எதனை மாற்றினார் என்ற குறிப்போடு அது காத்து வைக்கும். அதன் தொகுப்பிற்குக் களஞ்சியம் என்று பெயர். களஞ்சியத்தில் அனைவரும் ஏற்றுக்கொண்ட வடிவம் முதன்மைக் கிளை எனப்படும். மாற்றம் செய்ய விரும்புபவர் தமக்கெனத் தனிக்கிளை ஒன்றைப் பிரித்துக்கொண்டு அதில் எழுதுவார். எழுதி முடித்தபின், 'என் கிளையை முதன்மைக் கிளையோடு இணைத்துக்கொள்ளுங்கள்' என்று விண்ணப்பிப்பார். 2008-இல் தொடங்கப்பெற்ற கிட்ஹப் தளம் இவ்விண்ணப்பத்தைப் 'புல் ரிக்வெஸ்ட்' என்று வழங்குகின்றது. கிட்லேப் தளத்தில் 'மெர்ஜ் ரிக்வெஸ்ட்' என்பர். நாம் இதனை இணைப்பு வேண்டுகோள் எனலாம்.

நல்ல இணைப்பு வேண்டுகோள் ஒரு சிறப்புப் பாயிரத்தை ஒத்திருக்கும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று நன்னூலார் எட்டினைச் சொல்வார். வேண்டுகோள் எழுதுபவரும் ஏறத்தாழ இவற்றையே சொல்லுதல் வேண்டும்: எக்குறையைத் தீர்க்க இம்மாற்றம், எவ்வழியில் தீர்க்கிறது, எதுவரை செல்கிறது, யாருக்குப் பயன், எவ்வாறு சோதித்துப் பார்க்கலாம். பாயிரம் இல்லாத நூல் நூலன்று என்பது இங்கும் பொருந்தும். ஆனால் பாயிரம் அழகாக இருப்பதனாலேயே நூல் பிழையற்றதாகிவிடாது.

படித்தால் மட்டும் போதுமா?

வேண்டுகோள் வந்தவுடன் சீராய்வாளர் முன் விரிவது வேறுபாட்டுப் பட்டியலாகும். நீக்கப்பெற்ற வரிகள் சிவப்பிலும் சேர்க்கப்பெற்ற வரிகள் பச்சையிலும் தோன்றும். பழைய பாடத்தையும் புதிய பாடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பதிப்பாசிரியர் நிலை இது. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டே பாடம் துணிந்தார் என்பதை நாம் அறிவோம்.

ஆயினும் நிரலுக்கும் செய்யுளுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. செய்யுள் படிக்கப்படுவது, நிரலோ ஓட்டப்படுவது. வேறுபாட்டுப் பட்டியல் மாறிய வரிகளை மட்டுமே காட்டும். மாறாத வரிகளுள் எவை இம்மாற்றத்தை நம்பி நிற்கின்றன என்பதை அது காட்டாது. கண்மாயில் ஒரு மடையைத் திருத்திக் கட்டினால், மடையின் கட்டுமானத்தை மட்டும் பார்த்துவிட்டு நீர்க்கட்டி திரும்பிவிடுவதில்லை. சிறிது நீரைத் திறந்துவிட்டுக் கரையில் கசிவுண்டா என்று பார்ப்பார். வாய்க்கால் வழியே நடந்து கடைமடை வரை நீர் செல்கிறதா என்றும் பார்ப்பார். வைகையில் நீர் வந்தபின் பிழை தெரிந்தால் அந்தப் போகமே போய்விடும். தம் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்தல் என்பது அச்சிறுநீரைத் திறந்துவிட்டுப் பார்க்கும் செயலேயாகும்.

'ஒளவை' தரும் பாடம்

இதனைத் தமிழ் எழுத்தைக் கொண்டே விளக்கலாம். கணிப்பொறியில் தட்டப்பெற்ற தமிழ் நூல்களில் அடிக்கடி காணப்படும் பிழை ஒன்றுண்டு. 'ஔ' என்னும் உயிரெழுத்துக்கு யூனிகோட் முறையில் தனிக்குறியீடு இருக்கிறது. அதனை அறியாதோர் 'ஒ' என்பதையும் 'ள' என்பதையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுவர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒருவர் சரியான 'ஔவை' எனத் தட்டித் தேடினால், பிழையாகப் பதிந்த 'ஒளவை' அகப்படாது. நூல் நூலகத்தில் இருந்தும் இல்லாதது போலாகிவிடும்.

இக்குறையைத் தீர்க்க ஒரு நிரலர் முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஒ'வை அடுத்து 'ள' வருமிடமெல்லாம் 'ஔ' என்று மாற்றுக என ஒரே வரியில் எழுதுகிறார். ஔவையார், ஔடதம், ஔவியம் என்னும் மூன்று சொற்களைக் கொண்டு தாமே சோதித்து, மூன்றும் சரியாக வந்தன என்று தம் வேண்டுகோளில் எழுதுகிறார். சீராய்வாளர் படிக்கிறார். ஒரு வரி மாற்றம், நோக்கம் நல்லது, சோதனையும் வெற்றி. இணைத்துவிடத் தோன்றும்.

ஆனால் அந்நிரலைத் தம் கணிப்பொறியில் இறக்கி, திருக்குறள் முழுவதையும் அதனூடே செலுத்திப் பார்ப்பவர் திடுக்கிடுவார். 'ஒளி' என்னும் சொல் வருமிடமெல்லாம் சிதைந்திருக்கும். ஏனெனில் கணிப்பொறியில் 'ஒளி' என்பது ஒ, ள, இகரக்குறி என்னும் மூன்று குறியீடுகளால் ஆனது. முதலிரண்டும் 'ஔ' ஆகிவிட, இகரக்குறி தாங்குவாரின்றி அந்தரத்தில் தொங்கும். 'ஒள்ளிய', 'ஒளிந்து' முதலியவற்றிற்கும் அதே கதி நேரும். ஒளவையைத் திருத்தப் போய் ஒளியை அணைத்த கதையாகும் அது!

பிழையைக் கண்டபின் திருத்தம் எளிது. 'ள'வை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடத்தில் மட்டும் மாற்றுக என்று விதியைச் சுருக்கலாம். 'மௌனம்' என்பது 'மெளனம்' எனத் தட்டப்படும் பிழைக்கும் இத்தகைய எச்சரிக்கை தேவை. இல்லையேல் 'தெளிவு' தெளிவிழக்கும். அதன் பின்னரும் பழஞ்சொற்களில் ஐயம் எழலாம். அவ்வையத்தைத் தீர்க்க வல்லவர் நிரலர் அல்லர்; நிகண்டும் இலக்கியமும் பயின்ற தமிழாசிரியரே ஆவர்.

இதில் கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. நிரலர் எழுதிய சோதனை, தாம் நினைத்தது நடக்கிறதா என்பதை மட்டுமே பார்த்தது. தாம் நினையாதது நடக்கிறதா என்பதைப் பார்க்கப் பிறிதொருவர் கண் வேண்டும். ஆசிரியன் தன் நூலுக்குத் தானே அவையாக இருத்தல் இயலாது.

சோதனையின் படிகள்

இனி, அச்சோதனையைச் செய்யும் முறையை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, தம் வேலையைப் பாதுகாத்தல். சீராய்வாளர் தாமும் ஏதேனும் எழுதிக்கொண்டிருப்பார். அரைகுறையாக நிற்கும் அவ்வேலையைக் கிட்டில் பதிவு செய்தோ, 'ஸ்டாஷ்' என்னும் கட்டளையால் ஒதுக்கி வைத்தோ தம் மேசையைத் தூய்மைப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். இல்லையேல் பிழை வந்தவிடத்து அது தம்முடையதா, வந்தவருடையதா என்று தெரியாது.

இரண்டாவது, பிறர் கிளையைக் கொணர்தல். 'ஃபெட்ச்' என்னும் கட்டளை தொலைவிலுள்ள கிளையை நம் கணிப்பொறிக்குக் கொண்டுவரும். ஆனால் நம் கோப்புகளைத் தொடாது. கிட்ஹப் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் எண் தந்து, அவ்வெண்ணின்கீழ் அக்கிளையைத் தன் களஞ்சியத்திலேயே வைத்திருக்கும். அவ்வெண்ணைக் கூறி அழைத்தால் கிளை வந்துசேரும். வந்ததற்கு நம்மிடத்தில் புதுப்பெயர் சூட்டி, 'செக்அவுட்' அல்லது 'சுவிட்ச்' கட்டளையால் அக்கிளைக்குள் நுழையலாம். 2020-இல் கிட்ஹப் வெளியிட்ட கட்டளைக் கருவி இவ்விரண்டையும் ஒரே கட்டளையில் செய்துவிடும்.

மூன்றாவது, ஓட்டுமுன் பார்த்தல். பிறர் நிரலை ஓட்டுதல் என்பது பிறர் ஆணைக்கு நம் கணிப்பொறியைக் கீழ்ப்படியச் செய்தலாகும். அந்நிரல் நம் கோப்புகளை அழிக்கவும் கூடும். கடவுச்சொற்களைக் கவரவும் கூடும். ஆதலால் நிறுவும் கட்டளைகள், புதிதாகச் சேர்க்கப்பெற்ற வெளித்தொகுதிகள், சோதனைக் கோப்புகள் ஆகியவற்றை முன்னரே படித்துப் பார்த்தல் வேண்டும். அறியாதவரிடமிருந்து வந்ததாயின், நம் கோப்புகள் இல்லாத தனிக் கணிப்பொறியிலோ, கணிப்பொறிக்குள் அமைத்த மெய்நிகர் பொறியிலோ ஓட்டுதல் நலம்.

நான்காவது, பழையதை முதலில் ஓட்டுதல். பலர் மறக்கும் படி இது. முதன்மைக் கிளையின் சோதனைகள் நம் கணிப்பொறியில் ஏற்கெனவே தோல்வியுற்றுக் கொண்டிருந்தால், புதியவர் மீது பழி விழும். எனவே முதலில் பழைய நிரலை ஓட்டி அதன் நிலையைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். எந்தக் குறையைத் தீர்ப்பதாக வேண்டுகோள் சொல்கிறதோ, அக்குறையைப் பழைய நிரலில் நம் கண்ணாலேயே காணுதல் வேண்டும். நோயைக் காணாமல் மருந்து பலித்தது என்று கூறுதல் எங்ஙனம்?

ஐந்தாவது, புதியதை ஓட்டுதல். இப்போது குறை நீங்கியதா என்று காண்க. நிரலோடு புதிய சோதனை ஒன்றும் வந்திருந்தால், திருத்தத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கிவிட்டு அச்சோதனையை ஓட்டிப் பார்க்க. அப்போது அது தோல்வியுற வேண்டும். திருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெற்றி என்று கூறும் சோதனை, கேட்ட மாணவர் அனைவர்க்கும் முதல் வகுப்பு வழங்கும் தேர்வை ஒக்கும்.

ஆறாவது, இணைத்துப் பார்த்தல். வேண்டுகோள் எழுதப்பெற்ற நாளுக்கும் ஏற்கப்படும் நாளுக்கும் இடையே முதன்மைக் கிளை வளர்ந்திருக்கும். இரண்டு மாற்றங்கள் தனித்தனியே சரியாக இருந்தும் சேரும்போது பிழைபடலாம். ஒருவர் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றுகிறார். மற்றொருவர் அதே நேரத்தில் வேறொரு கோப்பில் அதன் பழைய பெயரைக் கொண்டு புதுவரி எழுதுகிறார். இருவரும் வெவ்வேறு கோப்பைத் தொட்டதனால் கிட் எம்முரணும் சொல்லாமல் இணைத்துவிடும். ஓட்டும்போதுதான் நிரல் நின்றுவிடும். ஆதலின் நம் கணிப்பொறியிலேயே அண்மை முதன்மைக் கிளையோடு சேர்த்துச் சோதித்துப் பார்த்த பின்னரே பொதுவில் இணைத்தல் வேண்டும்.

ஏழாவது, அறிக்கை தருதல். எந்தப் பதிவைச் சோதித்தோம், எந்த இயங்குதளத்தில் சோதித்தோம், எதைத் தந்தோம், எது வந்தது என்பதைச் சுருக்கமாக எழுதுதல் வேண்டும். 'சரியில்லை' என்ற ஒரு சொல் பயன்படாது. 'ஒளி என்று தந்தேன். இவ்வாறு சிதைந்து வந்தது' என்பதே பயன்படும். அவையடக்கம் கூறி நூலை முன்வைத்த புலவனுக்கு அவையோர் காட்டவேண்டிய கண்ணியத்தை இங்கும் காட்டுதல் நம் பண்பாடாகும். இறுதியில், கொணர்ந்த கிளையை நம் கணிப்பொறியிலிருந்து நீக்கிவிட்டு நம் வேலைக்குத் திரும்பலாம்.

இவற்றையெல்லாம் இப்போது பொறிகளே தானியங்கியாகச் செய்கின்றனவே என்று சிலர் வினவலாம். உண்மையே. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் சோதனைகளைத் தாமாக ஓட்டும் ஏற்பாடுகள் இன்று பரவியுள்ளன. ஆயினும் பொறி நாம் கேட்கச் சொன்ன வினாவை மட்டுமே கேட்கும். கேட்கப்படாத வினாவை எழுப்புவது மனித அறிவேயாகும்.

பெயரும் சோதனையும்

கேட்கப்படாத வினாவுக்கு நம் சமுதாயத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். உள்ளீடு செய்யப்படும் பெயர் தமிழ் எழுத்தில்தான் உள்ளதா என்று பார்க்கும் நிரலொன்றை ஒருவர் எழுதுகிறார். இலக்கணம் கூறும் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் பட்டியலிட்டு, அவற்றிற்குள் அடங்காததைத் தள்ளிவிடுக என்று அமைக்கிறார். வள்ளுவன், கண்ணகி, நக்கீரன் என்னும் பெயர்களால் சோதிக்கிறார். எல்லாம் வெற்றி.

ஆனால் நம் கல்லூரி போன்ற ஒன்றின் வருகைப் பதிவேட்டை அதில் செலுத்தினால் என்னாகும்? ஹமீது, ஷரீஃப், ஜமால், ஸுலைஹா என்னும் பெயர்கள் அனைத்தும் தள்ளுபடியாகும். ஃபாத்திமா என்னும் பெயர் ஆய்தத்தில் தொடங்குவதால், சொல் முதலில் ஆய்தம் வாராது என்ற விதியை எழுதி வைத்த நிரலிலும் அது நிற்காது. உமறுப்புலவர் காலந்தொட்டு இசுலாமியத் தமிழிலக்கியம் அரபுப் பெயர்களைத் தமிழ் ஓசைக்கு இணங்க ஆண்டு வந்துள்ளது. எனினும் பள்ளிச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் உள்ள பெயரை எவரும் தற்பவமாக்கிக்கொள்ள இயலாது. பெயரை ஏற்க மறுக்கும் நிரல், அப்பெயருக்குரிய மனிதரையே வாயிலில் நிறுத்தி விடுகின்றது. உதவித்தொகை விண்ணப்பமோ தேர்வு விண்ணப்பமோ அதனால் தடைப்படுமாயின், இழப்பு அந்த மாணவிக்கே அன்றி நிரலருக்கன்று.

அந்நிரலரிடம் தீய எண்ணம் ஏதும் இல்லை. அவர் அறிந்த பெயர்கள் அவ்வளவே. ஆதலால்தான் சோதிப்பவர் பலராகவும் பலதிறத்தவராகவும் இருத்தல் வேண்டும் என்கிறோம்.

சனதும் மத்தனும்

செய்தி ஒன்று கொண்டுவரப்பட்டால் அதனைத் தெளிவாக விசாரித்தறியுமாறு திருக்குர்ஆன் அல்-ஹுஜுராத் அத்தியாயத்தில் அறிவுறுத்துகின்றது. அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரலாகாது என்பது அவ்வறிவுரையின் உட்பொருள். இவ்வறிவுரையின் வழி நின்ற ஹதீஸ்கலை அறிஞர்கள், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக வரும் ஒவ்வொரு செய்தியையும் இருவகையில் ஆராய்ந்தனர். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர்தம் நேர்மையும் நினைவாற்றலும் எத்தகையன என்று அறிவிப்பாளர் தொடரை ஆராய்தல் ஒன்று; இது சனது. செய்தியின் வாசகத்தையே ஆராய்தல் மற்றொன்று, இது மத்தன். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் பெரும்புகழ் இத்தகைய ஆய்வினால் வந்ததாகும்.

மென்பொருள் உலகில் சனதை மட்டும் நம்பி மத்தனை ஆராயாது விட்டதனால் நேர்ந்த இரு நிகழ்ச்சிகள் உண்டு.

இணையப் பாதுகாப்பிற்கு உலகெங்கும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 2011-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஒரு மாற்றம் சேர்க்கப்பெற்றது. எழுதியவர் துறையறிந்தவர், அதனைச் சீராய்வாளரும் பார்த்திருந்தார். அம்மாற்றத்தில், எதிரிலுள்ள கணிப்பொறி தான் அனுப்பியதாகச் சொல்லும் நீளம் அப்படியே நம்பப்பெற்றது. ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு அறுபதினாயிரம் எழுத்து அனுப்பினேன் என்று பொய்யுரைத்தால், மறுமுனைக் கணிப்பொறி தன் நினைவகத்திலிருந்த பிறர் மறைச்செய்திகளையெல்லாம் சேர்த்து அத்துணை எழுத்தையும் திருப்பி அனுப்பிவிடும்! 'ஹார்ட்பிளீடு' எனப் பெயர் பெற்ற இப்பிழை, 2014-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில்தான் உலகிற்குத் தெரிந்தது. பொய்யான நீளத்தைத் தந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தொடக்கத்திலேயே வெளிப்பட்டிருக்கும்.

மற்றொன்று 2024-இல் நிகழ்ந்தது. லினக்ஸ் கணிப்பொறிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் மென்பொருளுக்கு ஒருவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையுடன் நல்ல திருத்தங்களைத் தந்து, நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்றார். பின்னர், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய வழிசெய்யும் கள்ளக்கதவு ஒன்றை அதில் மறைத்து வைத்தார். மறைத்த இடம் எது? சோதனைக் கோப்புகள்! அதனைத் தட்டியெழுப்பும் கட்டளையோ பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தது. ஆண்டிரெசு ஃபிராயிண்டு என்னும் நிரலர் தம் கணிப்பொறியில் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தபோது, உள்நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்டார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. தேடிச் சென்று, 2024 மார்ச் 29 அன்று உண்மையை உலகிற்கு அறிவித்தார். பெரும்பாலான கணிப்பொறிகளை அக்கள்ளக்கதவு சென்றடையும் முன்னரே அது அடைக்கப்பட்டது.

முதல் நிகழ்ச்சியில் எழுதியவர் நல்லவர், பிழை தற்செயலானது. இரண்டாவதில் எழுதியவர் வஞ்சகர். பிழை வேண்டுமென்றே செய்யப்பெற்றது. ஆனால் இரண்டிற்கும் மருந்து ஒன்றே: சொன்னவர் யாராயினும் சொன்னதை ஓட்டிப் பார்த்தல். அவ்வாறு பார்ப்பது எழுதியவரை ஐயுறுவதாகாது. பயன்படுத்தப் போகின்றவர் மீது கொண்ட அக்கறையேயாகும்.

மதுரையின் கடமை

சோதியாமல் செய்யும் திருத்தம் எத்தகையது என்பதனை மதுரை நன்கறியும். ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் ஒருவர், எதுகை பொருந்தாத குறட்பாக்களில் எதுகை அமையுமாறு சொற்களை மாற்றித் திருக்குறளை அச்சிட்டார் என்றும், அதனைக் கண்டு கொதித்த பாண்டித்துரைத் தேவர் அப்படிகள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்றும் ஒரு செய்தி தமிழறிஞரிடையே வழங்குகின்றது. திருத்தியவர் நல்லெண்ணத்தோடுதான் திருத்தினார். ஆனால் கற்றாரைக் கலந்து ஏற்கச் செய்யாது நேரே அச்சேற்றினார். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய தேவருக்கு, அவையின் தேவை எத்தகையது என்பதனைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணிப்பொறிக் காலத்திலும் அப்பணிக்கு மதுரையின் பெயரே சூட்டப்பெற்றது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்திலிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மின்னூல் திட்டத்திற்கு 'மதுரைத் திட்டம்' என்பதே பெயர். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர். ஒருவர் தட்டியதை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தனர். ஒரு கட்டத்தில் அந்நூல்கள் டிஸ்கி என்னும் குறியீட்டு முறையில் அமைந்தன. அம்முறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பதியப்பெறும். 'கொ' என்பதில் கொம்பு முன்னும், ககரம் நடுவிலும், கால் பின்னுமாக நிற்கும். யூனிகோட் முறையிலோ ககரம் முன்னே நிற்க, உயிர்க்குறி பின்னே வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும் நிரலில் சிறுபிழை நேரினும் கொம்புகள் இடம்மாறி, நூல் முழுதும் சிதையும். ஏட்டுச்சுவடியைக் கரையான் அரித்தால் ஒரு படிதான் கெடும். பிழைபட்ட நிரலோ ஒரே நொடியில் ஆயிரம் நூல்களை அரித்துவிடும். அரித்ததும் வெளியே தெரியாது.

ஆகவே தமிழ்த்துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்ச் சொற்பிழை திருத்திகள், தேடற்கருவிகள், எழுத்து மாற்றிகள் பல இன்று கட்டற்ற மென்பொருள்களாகப் பொதுவில் எழுதப்படுகின்றன. அவற்றிற்கு வரும் மாற்றங்களைச் சோதிக்க ஆட்கள் வேண்டும். கணிப்பொறியியல் மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் ஒரே கணிப்பொறியின் முன் அமரட்டும். கிளையைக் கொணர்ந்து ஓட்டுதல் முன்னவர் பணி. எதைத் தந்து ஓட்டுவது என்று சொல்லுதல் பின்னவர் பணி. குற்றியலுகரமும் அளபெடையும் வரும் பாடல்கள், ஔகாரச் சொற்கள், கிரந்த எழுத்துப் பெயர்கள், அரபுச் சொற்கள் விரவிய சீறாப்புராணப் பகுதிகள் ஆகியவற்றைத் தொகுத்து ஒரு சோதனைக் கோப்பாக ஒரு துறை தயாரித்து அளித்தால், அது நிலைத்த தமிழ்ப்பணியாகும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கணிப்பொறி ஒன்றும், கற்ற கல்வியும், சிறிது பொறுமையும் போதும்.

வள்ளல் சீதக்காதியின் விருப்பப்படி நபி பெருமானாரின் வரலாற்றைப் பாடப் புகுந்த உமறுப்புலவர், கவித்திறன் தம்மிடம் இருந்தும் வரலாற்றுச் செய்திகளுக்காக மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடிச் சென்றார் என்பர். கவிஞர் அறிஞரை நாடினார், காப்பியம் நிலைத்தது. நிரலர் தமிழறிஞரை நாடும் வழியையும், தமிழறிஞர் நிரலரை வரவேற்கும் வழியையும் நம் கல்லூரிகள் அமைத்துத் தருமாயின், வருங்காலத்தில் தமிழ் எழுதப்படும் கருவிகளும் பழுதின்றி நிலைக்கும்.